தளவாய்க்கு அரைத்தாள்

தென்காசித் தாலுகா ஆபீசுக்கு எதிரே, காப்பி கிளப்புச் சுவரை ஒட்டி இறக்கிய தகரச் சார்ப்பின் கீழே, இருபத்தைந்து வருஷமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுத்து வந்தவர் சிவனணைந்தபெருமாள். அவ்வளவு நீளப் பெயரைச் சொல்ல யாருக்குப் பொறுமை? மனு அண்ணாச்சி என்றால் செங்கோட்டை வரைக்கும் தெரியும். அவர் பெயரைச் சுருக்கின இதே ஜனங்கள், அவர் எழுதும் மனுவை மட்டும் ஒரு வரிகூடச் சுருக்க விட்டதில்லை. மனுஷன் களைத்துப் போனதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

அந்தப் பெஞ்சில் ஒரு வழக்கம் உண்டு. மனு எழுதி முடித்ததும் அவர் எழுந்து நின்று அதை இங்கிலீஷிலேயே உரக்க வாசிக்க வேண்டும். கேட்கிறவர்களில் ஒருத்தருக்கும் இங்கிலீஷ் தெரியாது. தெரியாததனால் என்ன, காது இருக்கிறதே! மனுக் கொடுக்கிறவர், அவருடைய மச்சினன், மாமன், காப்பி குடிக்க வந்து நின்ற வண்டிக்காரன் வரைக்கும் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார்கள். வாசிப்பு ஏறி, இறங்கி, மூச்சு வாங்கி, ஒருவழியாக முடிந்தால் தலையை ஆட்டுவார்கள். சீக்கிரம் முடிந்துவிட்டதோ, போச்சு. நம்ம கஷ்டம் இம்புட்டுத்தானா அண்ணாச்சி என்று முகம் சுண்டிப் போய்விடும். சிலர் எழுதின தாளை வாங்காமலே போய்விடுவார்கள்.

ஆகவே அவர் நீட்டினார். நீட்டுவதற்கு அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு வக்கீல் குமாஸ்தா. மெட்ரிகுலேஷன் தவறிப் போய் வீட்டில் சும்மா கிடந்த காலத்தில் அந்தக் கிழவரிடம் எடுபிடியாக இருந்து பிடித்துக்கொண்ட வித்தை. கிழவரின் சட்டம் இதுதான்: விஷயத்தை எடுத்த எடுப்பில் சொல்லக்கூடாது, அது மரியாதை இல்லை. முதல் பக்கம் முழுக்கத் துரையின் கருணை. இரண்டாம் பக்கம் மனுதாரரின் ஏழ்மை. மூன்றாம் பக்கத்தில் மெல்ல, யாருக்கும் வலிக்காமல், கோரிக்கை. மூச்சு முட்டுகிற இடத்தில் கமா போடலாம். கொஞ்சம் பெரிய மூச்சாக இருந்தால் செமிகோலன். முற்றுப்புள்ளி மட்டும் கடைசியில்தான். நடுவில் வைத்தால் துரைக்கு உத்தரவு போட்டது போல இருக்குமாம். அப்புறம் இலக்கம். இலக்கத்தை இலக்கமாக எழுதினால் கடைத்தெருக் கணக்கு மாதிரி இருக்கும், எழுத்தால் எழுத வேண்டும்.

இந்தச் சட்டத்தை அவர் நம்பினாரா என்று கேட்டால், இளவயதில் உயிராக நம்பினார். நாற்பது தாண்டின பிறகு நம்பிக்கை போய்ப் பழக்கம் மட்டும் நின்றது. காலையில் வந்து உட்கார்ந்து, நிப்பைத் துடைத்து, “மோஸ்ட் ஹம்ப்ளி அண்ட் ரெஸ்பெக்ட்ஃபுல்லி” என்று ஆரம்பிக்கும்போதே அவருக்குக் கொட்டாவி வரும். சாரல் மாசங்களில் இன்னும் கஷ்டம். குற்றாலத்துக் காற்று தென்காசி வரைக்கும் ஈரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து தாளை நமுக்க வைத்துவிடும். மை ஊறும். கமா ஒவ்வொன்றும் தவளைக்குஞ்சு போல வாலை நீட்டிக்கொண்டு நிற்கும். வீட்டுக்குப் போனால் பெண்சாதி முருகம்மாள் கேட்கிற எதற்கும் உண்டு, இல்லை, ஆகட்டும் என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து வராது. ஊருக்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுதியோ, எனக்கு ஒரு முழு வார்த்தை கிடையாதா என்று அவள் சடைத்துக்கொள்வாள். 

யுத்தம் முடிந்து இரண்டு மாசம் இருக்கும், இலஞ்சியிலிருந்து தங்கத்தாய் வந்தாள். வயல் வேலைக்குப் போகிறவள், முப்பது வயசுக்குள்தான். புருஷன் தளவாய் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறி மலேயா போனவன். சிங்கப்பூர் விழுந்தது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்ட மாசத்துக்கு அப்புறம் அவனிடமிருந்து ஒரு கார்டுகூட வரவில்லை. இப்போது சண்டை ஓய்ந்து, ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக ரயிலில் வந்து இறங்குகிறார்கள். ஒருத்தன் தளவாயை முகாமில் பார்த்தேன் என்கிறான். இன்னொருத்தன் அது வேறே தளவாய் என்கிறான். பட்டாளத்து ரிக்கார்டு ஆபீசுக்கு எழுதிக் கேட்டால் சொல்வார்களாமே என்று அவள் வந்து நின்றாள். கூடவே தளவாயின் அண்ணன் சங்கரபாண்டியும் வந்திருந்தான்.

புருஷனுடைய பட்டாள நம்பரை அவள் மனப்பாடமாகச் சொன்னாள். திருநீறு பூசிக்கொண்டு சாமி பெயரைச் சொல்கிற மாதிரி, ஒவ்வொரு இலக்கமாக, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். மனு அண்ணாச்சி அதை வாங்கி, வழக்கப்படி இலக்கத்தை எழுத்தாக்கி, மூன்றாம் பக்கத்தில் இரண்டு வரிக்கு நீட்டி வைத்தார். எழுந்து நின்று வாசித்தார். அன்றைக்குக் குரல் நன்றாக அமைந்துவிட்டது. சங்கரபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. என் தம்பிக்கு இப்படி ஒரு மனு வேற எவன் எழுதுவான் என்று அங்கே நின்ற எல்லாரிடமும் சொன்னான்.

பதில் வரவில்லை. தை மாசம் இன்னொன்று போனது, அதைவிட நீளமாக. பங்குனியில் இன்னொன்று. ஊஹூம்.

அதற்குள் சங்கரபாண்டி மனசு மாறியிருந்தான். தம்பி செத்துத்தான் போயிருக்கிறான் என்று அவனுக்குப் பட்டுவிட்டது. செத்தவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்காமல் இத்தனை வருஷமாக விட்டுவிட்டோமே, எங்கே பசியோடு அலைகிறானோ என்று ராத்தூக்கம் போய்விட்டது. வருகிற ஆடி அமாவாசைக்குக் குற்றாலத்தில் வைத்துக் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று சொந்தக்காரர்களைக் கூட்டிப் பேசினான். தங்கத்தாய் ஒரே பிடியாக நின்றாள். தகவல் வராமல் தாலியைக் கழற்ற மாட்டேன், உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு எள்ளு இறைத்தால் அந்தப் பாவம் யாருக்கு என்றாள். இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். நியாயம் இரண்டு பக்கமும் இருந்தால் வீட்டில் சோறு இறங்காது. கடைசியில், அமாவாசைக்குள் தகவல் வந்தால் சரி, வராவிட்டால் அவள் மறுபேச்சுப் பேசக்கூடாது என்று தீர்மானமாயிற்று.

ஆனி பிறந்து சாரல் கட்டியதும் குற்றாலத்துப் பங்களாக்களில் பெரிய மனிதர்கள் வந்து இறங்கினார்கள். அதில் பட்டாளத்துக் கேப்டன் ஒருத்தர் லீவில் வந்திருக்கிறார், தமிழர்தான் என்று கேள்விப்பட்டு, நேரில் கொடுத்துவிடுவோம் என்று தங்கத்தாய் மனு அண்ணாச்சியை இழுத்துக்கொண்டு போனாள். அவர் புதுசாக ஒன்று எழுதியிருந்தார். முன் மூன்றையும் தூக்கிச் சாப்பிடுகிற நீளம்.

கேப்டன் அருவியில் குளித்துவிட்டு, தலை ஈரத்தோடு பங்களா வாசலில் நின்றிருந்தார். முகத்தைப் பார்த்தால் லீவு எடுத்த மனிதரின் முகமாக இல்லை. அவரும் எங்கேயோ இருந்து எதையோ பார்த்துவிட்டு வந்தவர் போலத்தான் இருந்தார். தாளை வாங்கி நின்றபடியே வாசித்தார். ஒரு பக்கம் திருப்பினார். மறுபக்கம் திருப்பினார். பாதியில் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார்.

“பெரியவரே, இந்த அம்மாவுக்கு என்ன வேணும்?”

உள்ளே இருக்குங்க ஐயா என்றார் மனு அண்ணாச்சி. எங்கே என்று கேட்டுத் தாளை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார் கேப்டன். அவர் வாங்கித் தேடினார். தான் எழுதினதுதான், தன் கையெழுத்துத்தான். முதல் பக்கத்தில் கருணை. இரண்டாம் பக்கத்தில் ஏழ்மை. மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்துக் கீழே கீழே வந்தார். மூக்குக்கண்ணாடியில் சாரல் விழுந்து எழுத்து மங்கியது. துடைத்துவிட்டுத் தேடினார். அவர் கண்டுபிடிப்பதற்குள் தங்கத்தாய் ஒரு எட்டு முன்னால் வந்துவிட்டாள்.

“அவுக இருக்காவளா, இல்லியா? அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்யா.”

கேப்டன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட மனு அண்ணாச்சிக்குத் தேவலையாக இருந்திருக்கும். அங்கே ஆபீசில் இந்த மாதிரிக் கடுதாசி மூட்டை மூட்டையாக அடைந்து கிடக்கிறது, குமாஸ்தா முதல் இரண்டு வரியைத்தான் பார்ப்பான், இதில் முதல் இரண்டு வரியில் துரையைத் தவிர வேறு ஆள் இல்லையே என்று அலுப்பாகச் சொன்னார். நம்பர் எங்கே என்று கேட்டார். எழுத்தால் எழுதியிருப்பதைக் காட்டியதும் தாளை மடக்கிவிட்டார். பிறகு உள்ளே கூட்டிக்கொண்டு போய் மேஜையில் ஒரு தாளைப் பாதியாகக் கிழித்து அவர் முன்னால் வைத்தார். நம்பர் எழுதச் சொன்னார், இலக்கமாக. பெயர். ஊர். அதற்குக் கீழே ஒரே கேள்வி: ஈஸ் ஹி அலைவ்?

மனு அண்ணாச்சி எழுதினார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் வரிக்கு வரி முற்றுப்புள்ளி வைத்தது அன்றைக்குத்தான். கைக்குக் கூசியது. ஒரு “ப்ளீஸ்” மட்டும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். சேர்த்துக்கொள்ளும் என்றார் கேப்டன். தங்கத்தாய் அதன் கீழே கைப்பெருவிரலை மையில் தொட்டு உருட்டினாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. லீவு முடிந்து போகும்போது தானே எடுத்துக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்ப்பதாகக் கேப்டன் சொன்னார்.

திரும்பி வரும்போது மனு அண்ணாச்சி அவளுக்குப் பின்னாலேயே நடந்தார். அவருக்கு உடம்பெல்லாம் வலித்தது. மூன்று மனு, ஒன்பது மாசம். கேட்க வேண்டியதைக் கேட்காமலே ஒன்பது மாசம் இந்தப் பிள்ளையை நடக்க விட்டிருக்கிறோமே என்று நினைத்தார். அவள் தபால்காரனைப் பார்க்கும்போதெல்லாம் வயலிலிருந்து கரையேறி வருவாள் என்பது அவருக்குத் தெரியும். அந்த நினைப்பை எந்தக் கமாவிலும் நிறுத்தி மூச்சு வாங்க முடியவில்லை.

இலஞ்சியில் சங்கரபாண்டிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் காலையிலேயே பெஞ்சுக்கு வந்து நின்றுவிட்டான்.

“ஆடு காணாமப் போனவனுக்கு ரெண்டு தாளு எழுதுனீரு. என் தம்பிக்கு அரைத்தாளா அண்ணாச்சி?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கேப்டன் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. தங்கத்தாய்தான் பின்னாலேயே ஓடி வந்து, நான்தான் அப்படி எழுதச் சொன்னேன் என்று அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

ஆடி பிறந்தது. அமாவாசைக்கு ஒரு வாரம் இருக்கும்போது பதில் வந்தது. இங்கிலீஷ் கடுதாசி எதுவானாலும் தபால்காரர் நேரே மனு அண்ணாச்சியின் பெஞ்சில் கொண்டுவந்து போட்டுவிடுவார், எப்படியும் அங்கேதானே வரப்போகிறது என்று. உறையைப் பார்த்ததும் பட்டாளத்து ஆபீசிலிருந்து என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பிரிக்கவில்லை. இலஞ்சிக்கு ஆள் சொல்லி அனுப்பிவிட்டு, அன்றைக்கு வந்த இரண்டு மனுக்காரர்களை நாளைக்கு வாருங்கள் என்று திருப்பிவிட்டு, உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தங்கத்தாய் வந்தாள். சங்கரபாண்டி வந்தான். சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். எல்லாரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். வழக்கம் வழக்கம்தான். முதலில் இங்கிலீஷில் வாசிப்பு, அப்புறம்தான் அர்த்தம். மனு அண்ணாச்சி எழுந்து நின்று உறையைக் கிழித்தார். உள்ளே அச்சடித்த ஒரு தாள். வருந்துகிறோம் என்ற வார்த்தை முன்னாலேயே அச்சாகியிருந்தது. நம்பர், பெயர், தேதி, காரணம் நான்கையும் மட்டும் நடுவில் விட்ட இடத்தில் டைப் அடித்திருந்தார்கள். அவர் வாசித்தார். ஒரு மூச்சுக்குக்கூட வரவில்லை.

கூட்டம் அப்படியே நின்றது. சங்கரபாண்டி கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தான்.

“வாசிங்க அண்ணாச்சி. ஏன் நிறுத்திட்டிய?”

இவ்வளவுதாம்ப்பா என்றார் அவர்.  பிறகு தமிழில் சொன்னார். தளவாய் முகாமில் காய்ச்சலில் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. யுத்தம் முடிவதற்கு எவ்வளவோ முன்னால்.

செத்துத்தான் போயிருக்கிறான் என்று மாசக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த சங்கரபாண்டி, ரோட்டிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அழுவாள் என்று எல்லாரும் நினைத்திருந்த தங்கத்தாய் அழவில்லை. அவள் அந்தத் தாளை வாங்கி, தலைகீழாகப் பிடித்திருப்பது தெரியாமல், பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாமளும் ஒரு வரிதானே கேட்டோம் அண்ணாச்சி,” என்றாள்.

  நீட்டி நீட்டி எழுதினபோது பதில் வராமல் இருந்ததே, அது எவ்வளவு தேவலை என்று அவருக்கு ஒரு நினைப்பு வந்தது. அடுத்த நிமிஷமே அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. காப்பி கிளப்பிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் வாங்கி அவளிடம் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை.

அமாவாசை அன்றைக்குக் குற்றாலத்தில் கூட்டம் தாங்காது. காரியம் நடந்தது. மறுநாள் மத்தியானம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நேரத்தில், தங்கத்தாய் பெஞ்சுக்கு வந்தாள். வெறும் கழுத்து. சங்கரபாண்டி மொட்டைத் தலையோடு பின்னால் வந்தான். மனு அண்ணாச்சி பதறி எழுந்தார். இன்னொரு மனு வேண்டும் என்றாள் அவள்.

யாருக்கு என்று கேட்டார். பென்ஷன் விஷயமாக இருக்கும் என்று நினைத்து அரைத்தாள் ஒன்றைக் கிழிக்கப் போனார். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

“யாருக்கும் வேண்டாம். நேத்து ஐயருக்கு ஆயிரம் பேரு, அவரும் படபடன்னு முடிச்சிட்டாரு. எல்லாரும் அவுகள ஒரு வரியிலயே முடிச்சிட்டாவ அண்ணாச்சி. நீங்க பழைய மாதிரி எழுதுங்க. நீளமா.”

அவர் உட்கார்ந்தார். முழுத்தாளாக மூன்று எடுத்து வைத்தார். நிப்பைத் துடைத்தார். கை எழுதப் போகவில்லை. கருணை, பெருந்தன்மை, கீர்த்தி என்று இங்கிலீஷில் எத்தனை வார்த்தைகள் அவருக்குத் தெரியும்! அத்தனையையும் இருபத்தைந்து வருஷமாக, முகம் தெரியாத துரைமாருக்கே வாரிக் கொடுத்திருக்கிறார். தளவாயைப் பற்றி எழுதின மனுக்களில்கூடத் தளவாயைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

உன் வீட்டுக்காரர் எப்படிப்பட்ட ஆள் என்று அவளிடம் கேட்டார். அப்படி ஒரு கேள்வியை அவர் அந்தப் பெஞ்சில் கேட்டதே இல்லை. அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். தண்ணி பாய்ச்சப் போனால் அடுத்தவன் வயலுக்கும் சேர்த்து மடை திறந்துவிட்டு வந்து அண்ணனிடம் ஏச்சு வாங்குவார். பாம்பைக் கண்டால் அடிக்கப் போவார், அட்டையைக் கண்டால் ஓடுவார். கோபம் வந்தால் சாப்பிட மாட்டார், ஆனால் மீன் குழம்பு என்றால் கோபத்தை மறுநாளைக்குத் தள்ளி வைத்துவிடுவார். சங்கரபாண்டி இடையிடையே இன்னும் சிலது சொன்னான். ஒரு இடத்தில் இரண்டு பேரும் சிரித்துக்கூட விட்டார்கள். மனு அண்ணாச்சி எழுதிக்கொண்டே இருந்தார். “மோஸ்ட் நோபிள்” என்று எழுதும்போது, வெகு வருஷத்துக்குப் பிறகு, கொட்டாவி வரவில்லை.

பிறகு எழுந்து நின்று வாசித்தார். காப்பி கிளப்பில் இருந்தவர்கள் துண்டை இறக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். தகரத்தில் மழை விழுந்த சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றினார். வாசிப்பு ஏறியது, இறங்கியது, மூச்சு வாங்கியது, மறுபடி ஏறியது. தங்கத்தாய்க்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. இரண்டாம் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது அவள் அழ ஆரம்பித்தாள். மூன்றாம் பக்கமும் தீர்ந்தது. அவள் அழுது முடிக்கவில்லை. அதனால் மனு அண்ணாச்சி தாளை மடக்காமல், எழுதாத வரிகளைத் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்.